ஓசூர் ரோட்டில் ஒரு டேப் கம்பெனி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில்.)



டேப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவிப்புப் பலகையில் போட்டதும், லிஃப்டில் பார்த்த இரண்டு பேர் "ஏஜென்சி ஏதாவது எடுத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார்கள். இல்லை, விற்பதற்கு எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு கேள்விதான் கொண்டுவந்திருக்கிறேன். இன்று காலையில் எழுந்ததிலிருந்து இந்த நாற்காலியில் வந்து உட்காரும் வரை எத்தனை டேப்பைத் தொட்டிருப்பீர்கள்?

வாசலில் கிடந்த பார்சலைப் பிரித்திருப்பீர்கள். அது பிரவுன் டேப். பிள்ளையின் நோட்டுக்கு அட்டை போட்டிருந்தால் செல்லோ டேப். விரலில் பிளாஸ்திரி இருந்தால் அதுவும் டேப்தான். மோட்டார் ஒயரில் சுற்றியிருப்பது இன்சுலேஷன் டேப். குழாய் மரையில் பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பில் பசையே கிடையாது, ஆனாலும் பெயர் என்னவோ டேப். உங்கள் பையில் இருக்கும் செல்போனைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது தலைமுடி கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலான டபுள் சைடு டேப். கீழே நிறுத்தியிருக்கும் கார்களின் பின்புறத்தில் மின்னுகிற எழுத்துகளில் பல திருகாணியில் நிற்கவில்லை, டேப்பில் நிற்கின்றன.

இவற்றில் பலவற்றின் வேரைத் தேடிக்கொண்டு போனால் ஒரே கம்பெனியின் வாசலில் போய் நிற்போம். த்ரீ எம். அமெரிக்கக் கம்பெனி. ஆனால் அதன் இந்திய வீடு நமக்கு ரொம்பப் பக்கம். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி, சந்தாபுரா, பொம்மசந்திரா தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குள் திரும்பினால் இருக்கிறது. இங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். பதிவு அலுவலகத்தின் முகவரியிலேயே 'ஓசூர் ரோடு' என்று நம் ஊர்ப் பெயர் இருக்கும். 1987இல் பிர்லா த்ரீ எம் என்ற பெயரில் பதிவான கம்பெனி, 2002இல் த்ரீ எம் இந்தியா என்று மாறியது. பங்குச் சந்தையில் இருக்கிறது. முக்கால் பங்கு அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் கையில்.

அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்வதற்கு முன்னால் நம் பக்கத்துக் கதை கொஞ்சம். டேப் வருவதற்கு முன் நாம் எதால் ஒட்டினோம்? மைதாவைக் காய்ச்சிய பசை. சினிமா போஸ்டர் முழுக்க அதில்தான் நின்றது. மாடு வந்து பசைக்காகவே போஸ்டரைத் தின்னும். கருவேல மரத்துக் கோந்து. கவருக்கு முத்திரை வைக்க அரக்கு. தீபாவளி டப்பாவுக்குச் சணல் கயிறு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒன்று காயவேண்டும், அல்லது ஆறவேண்டும், அல்லது முடிச்சுப் போடவேண்டும். அழுத்தின அந்த நொடியில் ஒட்டி, வேண்டாம் என்றால் சத்தமில்லாமல் உரிந்து வருகிற பொருள் நம்மிடம் இல்லை. உலகத்தில் வேறெங்கும்கூட மருத்துவத்துக்கான பிளாஸ்திரியைத் தவிர அப்படி ஒன்று அதிகம் இல்லை.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1902. மினசோட்டா மாநிலத்தில் டூ ஹார்பர்ஸ் என்ற சின்ன ஊர். ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரங்கக் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபாக்சரிங், அதாவது மூன்று எம். குருந்தம் என்ற கடினமான கல்லை வெட்டி, சாணைக்கல் செய்கிறவர்களுக்கு விற்பது திட்டம். வெட்டிப் பார்த்தால் கிடைத்தது குருந்தம் இல்லை, அதைப் போலத் தோன்றும் அனார்த்தோசைட் என்ற மென்மையான கல். சாணைக்கு உதவாது. கம்பெனியின் பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது, சுரங்கத்தில் சரக்கு இல்லை! நம் ஊரில் பூஜை போட்டுத் திறந்த போர்வெல்லில் புகை வந்தது போல.

பிறகு கல்லை வெளியிலிருந்து வாங்கி உப்புத்தாள் செய்ய ஆரம்பித்தார்கள். அதிலும் அடி. 1914இல் ஸ்பெயினிலிருந்து வந்த கார்னெட் கல்லில் செய்த உப்புத்தாள் எல்லாம், தேய்த்த மாத்திரத்தில் மணல் உதிர்ந்து திரும்பி வந்தது. தேடிப் பார்த்தால், வந்த கப்பலில் கூடவே ஆலிவ் எண்ணெய்ப் பீப்பாய்களும் வந்திருக்கின்றன. அலையில் எண்ணெய் சிந்திக் கல்லில் ஊறியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கோந்து பிடிக்குமா? அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான் அங்கே ஒரு சிறிய பரிசோதனைக்கூடம் வந்தது. 1907இல் உதவிக் கணக்கராகச் சேர்ந்து, பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கம்பெனியையே நடத்திய வில்லியம் மெக்னைட்தான் அதற்குப் பின்னால் இருந்தவர்.

1921இல் தண்ணீர் விட்டுத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளைக் கொண்டுவந்தார்கள். நம் பெயிண்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டு வாங்குகிறார்களே, அதற்கு மூதாதை அதுதான். அதே சமயத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்ற இருபத்தோரு, இருபத்திரண்டு வயதுப் பையன் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்கிறான். இன்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டவன். நடனக் கச்சேரிகளில் பாஞ்சோ வாசித்துக் காசு சம்பாதித்தவன். மீதியைத் தபால் வழியில் படித்தவன். இன்றைக்கு ஓசூரில் எந்தக் கம்பெனியின் எச்.ஆரும் இந்த பயோடேட்டாவை இரண்டாம் சுற்றுக்கு அனுப்பமாட்டார்.

1923இல் ட்ரூ வாட்டர் பேப்பர் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கார்களுக்கு வண்ணம் அடிக்கும் ஒரு பட்டறைக்குப் போகிறார். அப்போது இரட்டை வண்ணக் கார் நாகரிகம். ஒரு வண்ணம் அடித்துக் காய்ந்த பிறகு, அந்தப் பகுதியைக் காகிதத்தால் மூடி, மருத்துவப் பிளாஸ்திரியாலும் பசையாலும் ஓரத்தை ஒட்டி, அடுத்த வண்ணம் அடிப்பார்கள். காகிதத்தை உரித்தால் கீழே இருக்கும் வண்ணமும் கூடவே உரிந்து வரும். அன்றைக்கும் வந்தது. பெயிண்டர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுகிறார். உப்புத்தாள் விற்க வந்தவருக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் ட்ரூ "நான் இதற்கு ஒரு வழி செய்து தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எப்படிச் செய்வது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

இரண்டு வருடம் பிடித்தது. பலவிதமான எண்ணெய், பிசின், ரப்பர், தாள் என்று முயன்றார். நடுவில் மெக்னைட் கூப்பிட்டு, உப்புத்தாள் வேலையைப் பார் என்றார். கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு மறுபடி டேப். ஒரு நாள் மெக்னைட் ஆய்வகத்துக்கு வந்து, இவர் டேப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். டேப் செய்யும் இயந்திரத்துக்குப் பணம் கேட்டபோது மட்டும் கிடையாது என்றார். ஆய்வாளர் ஒருவர் 100 டாலர் வரை தாமே கையெழுத்துப் போட்டுப் பொருள் வாங்கலாம் என்று விதி இருந்தது. ட்ரூ 99 டாலர், 99 டாலராகப் பல ரசீது போட்டு இயந்திரத்தையே வாங்கிவிட்டார் என்று அந்தக் கம்பெனியில் இன்றும் சொல்வார்கள். ஆடிட்டர்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் மன்னிக்கவும்.

1925இல் மாஸ்கிங் டேப் வந்தது. சுருக்கம் வைத்த கிரேப் தாள். வளைவில் இழுத்தால் கூடவே வளையும். அதன் மேல் தச்சர் பசையும் கிளிசரினும் சேர்ந்த ஒட்டு. ஆரம்பத்தில் கொடுத்த மாதிரியில் சிக்கனத்துக்காக ஓரங்களில் மட்டும் பசை தடவியிருந்தார்களாம். அது கழன்று விழுந்ததும் ஒரு பெயிண்டர், "உன் ஸ்காட்ச் முதலாளிகளிடம் போய் முழுக்கப் பசை தடவச் சொல்" என்று கத்தினார் என்பது கதை. ஸ்காட்லாந்துக்காரர் என்றால் கஞ்சர் என்று அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சு. அந்த வசவே பிராண்டின் பெயராகிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையில் டேப்பைக் கேட்டது இயக்குநர் குழு இல்லை, சந்தை ஆய்வு இல்லை. கையில் ஸ்பிரே கன்னோடு நின்ற ஒரு தொழிலாளி. நம் ஊரோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. சிப்காட் வந்து, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் இங்கே உருளத் தொடங்கின. வண்டிக் கம்பெனி வந்தால் பெயிண்ட் ஷாப் வரும். பெயிண்ட் ஷாப் வந்தால் மாஸ்கிங் டேப் வந்தாக வேண்டும். மொபெட் டேங்கில் இரண்டு வண்ணம் நேர்கோட்டில் பிரிந்து நின்றால், அந்தக் கோட்டுக்குப் பின்னால் 1923இல் திட்டிய அந்தப் பெயிண்டர் இருக்கிறார். நம் குடியிருப்பிலேயே பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். டேப் பிசின் விட்டால் ஒரு ஷிப்டே ரீவொர்க் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடுத்தது 1930. செலோபேன் என்ற கண்ணாடித் தாள் அப்போது புதிது. ட்ரூ அதில் பசை தடவிப் பார்த்தார். சூட்டில் சுருண்டது, இயந்திரத்தில் கிழிந்தது, பசை திட்டுத்திட்டாக நின்றது. தாளுக்கும் பசைக்கும் நடுவில் ஓர் அடிப்பூச்சு கொடுத்தபிறகு சரியானது. நாம் 'செல்லோ டேப்' என்று சொல்வதில் இருக்கும் செல்லோ இந்தச் செலோபேன்தான். ரொட்டிக் கடைகளும் மளிகைக்காரர்களும் பொட்டலம் ஒட்டுவதற்கென்று செய்தது. ஆனால் கொஞ்ச நாளில் செலோபேனைச் சூடுகாட்டியே ஒட்டும் முறை வந்துவிட்டது. அத்தோடு முடிந்திருக்கவேண்டிய பொருள். பிழைக்க வைத்தது பொருளாதார மந்தம். வேலை போய், கையில் காசில்லாத ஜனங்கள் கிழிந்த புத்தகம், உடைந்த பொம்மை, விரிசல் விட்ட ஜன்னல் எல்லாவற்றையும் அதை வைத்து ஒட்டினார்கள்.

டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிச் சுரண்டி எத்தனை பேர் பொறுமை இழந்திருக்கிறோம்! 1932இலேயே அந்தப் புகார் வந்துவிட்டது. ஜான் போர்டன் என்ற விற்பனை மேலாளர், பல் வைத்த தகடோடு ஒரு தாங்கியைச் செய்தார். வங்கியிலும் தபால் அலுவலகத்திலும் மேஜைமேல் நத்தை மாதிரி உட்கார்ந்திருக்குமே, அது.

சரி, இந்த ஒட்டு எப்படி வேலை செய்கிறது? பலாப்பழம் நறுக்கியவர்களுக்கு இது உடனே புரியும். பலாப் பால் காயாது. கையில் பட்டால் அழுத்த அழுத்த ஒட்டும். டேப்பின் பசையும் அப்படிக் காயாத பசை. மெல்ல அழுத்தும்போது தண்ணீர் மாதிரிப் பரவி, எதிர்ப் பரப்பின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கும். வெடுக்கென்று இழுக்கும்போது ரப்பர் மாதிரி எதிர்க்கும். பாதி திரவம், பாதி திடம். எவ்வளவு மென்மையாக இருந்தால் ஒட்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைக் கண்டவர் கார்ல் டால்க்விஸ்ட், அவரும் த்ரீ எம் ஆய்வகத்துக்காரர்தான். பழைய பசைகளுக்கு மூலப்பொருள் இயற்கை ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களில் வடிகிற அதே பால்தான். அதோடு பைன் மரப் பிசின் சேர்ப்பார்கள். இப்போது நிறைய அக்ரிலிக்.

அப்படியானால் சுருளில் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகாதா? பலாப்பழம் நறுக்கும்போது கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறோம் இல்லையா? டேப்பின் முதுகிலும் அப்படி ஒரு பூச்சு உண்டு. என்னைக் கேட்டால் டேப் தொழிலின் பாதி ரகசியம் பசையில் இல்லை, அந்த முதுகில்தான். ஒட்டவைப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். உரிய வைப்பதுதான் கஷ்டம்.

தொழிற்சாலையில் ஒரு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள பெரிய சுருளில் இந்தப் பூச்சுகளைத் தடவி, நீண்ட அடுப்புக்குள் ஓடவிட்டுக் காயவைத்து, சுற்றி எடுப்பார்கள். ஜம்போ ரோல் என்று பெயர். அதை வாங்கி, கேட்கிற அகலத்துக்கு அறுத்துக் கொடுப்பதும், கேட்கிற வடிவத்துக்கு வெட்டிக் கொடுப்பதும் தனித் தொழில். பேட்டரி வண்டிக்கும் செல்போன் பாகத்துக்கும் பெயர் வாங்க ஆரம்பித்திருக்கும் நம் மாவட்டத்தில் அந்தத் தொழிலுக்கு இனி வேலை அதிகம். ஒரு பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒயரைவிட டேப் அதிகமோ என்று தோன்றும்.

வீட்டு விஷயம் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் நிறைய. கறுப்பு பி.வி.சி. இன்சுலேஷன் டேப் 1940களில் வந்தது. அதற்கு முன் ரப்பர் தோய்த்த துணி டேப். நம் எலக்ட்ரீஷியன்கள் எந்தக் கம்பெனி டேப்பையும் 'ஸ்டீல்கிரிப்' என்றே கேட்பார்கள். அது நம் நாட்டு பிராண்ட், போர் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி நடத்தியது, பிறகு பிடிலைட் கைக்குப் போனது. அந்த டேப் ஒயரின் மேல் காப்புக்குத்தான், இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடிக்க இல்லை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் கீசரும் ஏ.சி.யும் ஓடினால் உள்ளே சூடேறும், பசை உருகி வழியும், டேப் நழுவும். நம் மீட்டர் அறையில் அப்படி வழிந்து நிற்கும் டேப் எங்கே கண்டாலும் உடனே பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். கனெக்டர் போட்டுத்தான் இணைக்க வேண்டும். கேஸ் ட்யூபில் கசிவு என்றால் டேப்பைத் தொடவே வேண்டாம், ட்யூபையே மாற்றுங்கள். சுவரில் எதையாவது டபுள் சைடு டேப்பில் மாட்டுகிறவர்கள், இடத்தைத் துடைத்து, நன்றாக அழுத்தி, முழுப் பலம் வர மூன்று நாள் விடுங்கள். மாட்டின அன்றே பாரம் ஏற்றினால் நடுராத்திரியில் விழும். பழைய பேப்பர் கடைக்கு அட்டைப் பெட்டி போடும்போது பிரவுன் டேப்பை உரித்துவிட்டுப் போடுங்கள். அது பிளாஸ்டிக். காகித ஆலையில் அட்டை கூழாகும், அது ஆகாது. யாரோ ஒருவர் கையால் பொறுக்கி எடுக்கவேண்டும். ஃபிரிட்ஜில் ஸ்டிக்கர் பிசின் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். 1914இல் த்ரீ எம்மின் உப்புத்தாளைக் கெடுத்ததும் எண்ணெய்தான், நமக்கு உதவுவதும் எண்ணெய்தான்.

இதுவரைக்கும் நான் சொன்னது ஒரு கம்பெனி தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. இன்னொரு கதை இருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

1953இல் அதே கம்பெனியின் ஆய்வகத்தில், புளோரின் கலந்த ஒரு திரவம் சிந்தி உதவியாளர் ஒருவரின் கான்வாஸ் ஷூவில் பட்டது. எதைப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மற்ற இடமெல்லாம் அழுக்கானபோது அந்த இடம் மட்டும் சுத்தமாகவே இருந்தது. பேட்ஸி ஷெர்மன், சாம் ஸ்மித் என்ற இருவர் இதைப் பிடித்துக்கொண்டு, துணியில் கறை ஒட்டாமல் செய்யும் பூச்சை உருவாக்கினார்கள். ஸ்காட்ச்கார்ட் என்று விற்றது. அதே குடும்பத்து ரசாயனங்கள் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையிலும் போயின. பி.எஃப்.ஏ.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. அந்தக் குணத்தைக் கொடுக்கும் பிணைப்பு மண்ணிலோ தண்ணீரிலோ எளிதில் உடையாது. அதனால் 'என்றும் அழியாத ரசாயனம்' என்று பெயர்.

1970களின் நடுவில் வெளி விஞ்ஞானிகள் சாதாரண மனிதர்களின் ரத்தத்தில் இந்த வகைப் பொருள் இருப்பதைக் கண்டார்கள். கம்பெனி தன் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது அங்கே அளவு இன்னும் அதிகம். இதெல்லாம் பிறகு நீதிமன்ற ஆவணங்களில் வெளியே வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறைக்குக் கம்பெனி விவரம் கொடுத்தது 1998இல். அந்தக் குடும்பத்தின் முக்கிய ரசாயனத்தை நிறுத்துவதாக அறிவித்தது 2000இல். இடையில் இருபது வருடத்துக்கு மேல். தன் சொந்த மாநிலமான மினசோட்டாவே அதன் மேல் வழக்குப் போட்டு, 2018இல் 85 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2023இல் அமெரிக்கக் குடிநீர் வாரியங்களுக்குக் குறைந்தது 1,030 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்த வகை ரசாயனத் தயாரிப்பிலிருந்தே 2025 முடிவுக்குள் விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்திருந்தது.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேஜையில் இருக்கும் செல்லோ டேப் இந்த வழக்குகளுக்குக் காரணம் இல்லை. அதைத் தூக்கிப்போட வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஆலையைப் பற்றியும் நான் எந்தக் குற்றமும் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பட்டறையில் ஒரு பெயிண்டர் திட்டியதைக் காது கொடுத்துக் கேட்டுப் பிழைத்த கம்பெனி அது. உதவாத வேலை என்று தெரிந்தும் ஒரு பையனை இரண்டு வருடம் விட்டுவைத்த கம்பெனி. அதே கம்பெனியால், தன் ஆட்களின் ரத்தப் பரிசோதனைத் தாள் சொன்னதை இருபது வருடம் கேட்க முடியவில்லை. முதல் விஷயத்தைக் கேட்டால் லாபம். இரண்டாவதைக் கேட்டால் நஷ்டம். நல்ல பெயர் வாங்கிய கம்பெனிதானே, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பக்கத்தில் குடியிருப்பவர்கள் விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாம் எங்கே குடியிருக்கிறோம் என்று பாருங்கள். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் பக்கத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் நுரை பனிமலை மாதிரி எழும்புவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், போட்டோகூட எடுத்திருக்கிறீர்கள். அந்த நுரைக்குக் காரணம் சுத்திகரிக்காத சாக்கடையும் ஆலைக் கழிவும். நான் இப்போது சொன்ன ரசாயனத்தோடு அதைப் போட்டுக் குழப்பவேண்டாம். அதேபோல், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்குக் காரணமான ஃபுளோரைடும் வேறு. அது நம் மாவட்டங்களின் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது. பெயரில் ஒற்றுமை, அவ்வளவுதான்.

ஆனால் நம் போர்வெல்லைச் சுற்றி இரண்டு, மூன்று கிலோமீட்டரில் பூச்சு வேலை, முலாம் வேலை, பெயிண்ட் வேலை செய்யும் ஆலைகள் இருக்கின்றன. டேப்போ வேறு எதுவோ, பூச்சு என்றாலே கரைப்பான் உண்டு, கழிவு நீர் உண்டு. அவை எல்லாம் விதிப்படிதான் நடக்கின்றனவா என்று தெரிந்துகொள்வதற்கு நாம் யாரிடமும் சண்டைக்குப் போகவேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற ஆலைகள் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 30க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று கொடுக்கவேண்டும். ஐந்தாம் படிவம் என்பார்கள். எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், என்ன மூலப்பொருள் போட்டார்கள், எவ்வளவு கழிவு வெளியேற்றினார்கள், அபாயக் கழிவு எங்கே போனது என்றெல்லாம் அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அதைக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும்.

சங்கத்தின் பெயரில் கேட்டால், 'குடிமகன்தான் கேட்கமுடியும்' என்று திருப்பி அனுப்ப இடம் இருக்கிறது. அதனால் தனி ஒருவர் தன் பெயரில் கையெழுத்துப் போடவேண்டும். மனுவைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். போன வருடத்து ஐந்தாம் படிவத்தின் நகலும், நம் பகுதியில் வாரியம் கடைசியாக எடுத்த நிலத்தடி நீர்ப் பரிசோதனை முடிவும் கேட்டிருக்கிறேன். சங்க அலுவலகத்தில் பொருளாளர் மேஜையில் இருக்கிறது. ஒருவர் போதும், நான்கைந்து பேர் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. போடுகிறவர்கள் தங்கள் வீட்டு எண்ணைப் பொருளாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பதில் வந்ததும் அடுத்த இதழில் அப்படியே வெளியிடலாம். அதே மேஜையில் டேப் தாங்கி ஒன்றும் இருக்கிறது. கவரை அதை வைத்தே ஒட்டிக்கொள்ளலாம்.